நகல் கையில் இருக்கிறது, அசல் எங்கே?

நீதிமன்ற வாசலில் அன்றாடம் புழங்கும் சொற்களைச் சற்றே நின்று கேட்டால், அவற்றுள் பல நமக்கு நெருங்கிய உறவுடையவை என்பது புலப்படும். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், அமீனா, முன்சீப், வாரிசு, தாவா, அசல், நகல் ஆகியன அரபு மொழியில் வேர் கொண்டு, பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து தங்கியவை. வக்கீல் என்பவர் பிறர் சார்பில் பொறுப்பேற்பவர். அமீன் என்பவர் நம்பிக்கைக்குரியவர். ஜாமீன் நிற்பவர் இன்னொருவருக்காகத் தாமே பிணையாகிறவர். முன்சீப் நியாயம் வழங்குபவர். ஆட்களைக் குறிக்கும் இச்சொற்கள் அனைத்தும் "இதற்கு யார் பொறுப்பு?" என்ற ஒரே வினாவுக்கு விடை கூறுகின்றன. சட்டம் என்பது புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று. பொறுப்பேற்கும் மனிதர்களின் மீது நிற்பது.

இன்று அந்த வாசலுக்குள் செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்திருக்கிறது. அது மனுவை எழுதுகிறது, தீர்ப்பைச் சுருக்குகிறது, பத்திரத்தை மொழிபெயர்க்கிறது, கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் விடை சொல்கிறது. பொறுப்பை மட்டும் அது ஏற்பதில்லை. இந்த மாற்றத்தை நம் குடும்பங்கள் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

தாம்பரத்தில் வாழும் நமக்கு வழக்கு என்பது எங்கோ தொலைவில் நடக்கும் காரியமன்று. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, மாடம்பாக்கம், சிட்லபாக்கம், திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் அதனுள் அடங்கின. ஏரிக்கரைகளும் வயல்களும் மனைகளாகி, மனைகள் அடுக்ககங்களாகிய பகுதி இது. பட்டா, பாகப்பிரிவினை, வாடகை பாக்கி, திரும்பி வந்த காசோலை என்று ஏதேனும் ஒரு சிக்கல் ஏறத்தாழ எல்லாத் தெருக்களிலும் உண்டு. சிறு வழக்கென்றால் உள்ளூர் நீதிமன்றம். மாவட்ட நீதிமன்றமென்றால் மின்சார ரயிலில் தெற்கே செங்கல்பட்டு. உயர் நீதிமன்றமென்றால் அதே ரயிலில் வடக்கே கோட்டை நிலையம். இந்த மூன்று இடங்களுக்கும் அலைந்து தேய்ந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

நமக்குப் பழக்கமான வழக்கறிஞர் அலுவலகங்களிலும் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் முந்நூறு பக்க வழக்குக் கட்டினைப் படித்து, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வரிசைப்படுத்துவதற்கு ஓர் இளம் வழக்கறிஞருக்கு மூன்று நான்கு நாள்கள் ஆகும். இப்போது அந்த வரிசையின் முதல் வடிவம் சில நிமிடங்களில் திரையில் வந்து விடுகிறது. தமிழில் எழுதப்பட்ட கிரயப் பத்திரத்தின் ஆங்கில வடிவமும் அவ்வாறே. வழக்கறிஞர் அறிவிப்பின் முதல் வரைவை இயந்திரம் எழுத, மூத்தவர் திருத்துகிறார்.

நீதிமன்றங்களும் இதற்கு விலகி நிற்கவில்லை. தீர்ப்புகளை இந்திய மொழிகளுக்கு மாற்றும் 'சுவாஸ்' என்னும் மென்பொருளை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அதன் முதல் மொழிகளுள் தமிழும் ஒன்று. 2023 பிப்ரவரி 21 அன்று, மகாராஷ்டிர அரசியல் வழக்கை விசாரித்த அரசியல் சாசன அமர்வில், வாய்மொழி வாதங்களை உடனுக்குடன் எழுத்தாக்கும் பணியைச் செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கியது. இணையவழித் தாக்கலாகும் மனுக்களில் உள்ள குறைபாடுகளைக் கண்டறியும் கருவியை உருவாக்க, நம் கிண்டிக்கு அருகிலுள்ள சென்னை ஐஐடியுடன் உச்ச நீதிமன்றம் கைகோத்தது. மத்திய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த இ-கோர்ட்ஸ் மூன்றாம் கட்டத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 7,210 கோடி ரூபாய், அதில் 53.57 கோடி ரூபாய் செயற்கை நுண்ணறிவு உள்ளிட்ட எதிர்காலத் தொழில்நுட்பங்களுக்கானது.

இவற்றுள் நன்மை இல்லை என்று சொல்வது நியாயமாகாது. கீழமை நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி சொல்லும் ஒரு தாய், தம் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனதும் தமக்குப் புரியாத மொழியில் அது பேசப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே. தம்மைப் பற்றிய உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் வாசித்துப் புரிந்துகொள்ள ஒரு வழி கிடைப்பது சிறிய காரியமன்று. வழக்கறிஞரைச் சந்திக்கும் முன் என்னென்ன ஆவணங்கள் தேவை, தாய்ப்பத்திரம் எது, வில்லங்கச் சான்று எதற்கு என்று தெரிந்துகொண்டு போகிறவருக்குப் பாதி அலைச்சல் குறைகிறது.

ஆயினும் மொழிபெயர்ப்பிலும் கவனம் வேண்டும். மேல்முறையீட்டுக்கு அனுமதி வழங்கப்பட்டது என்று பொருள்படும் 'லீவ் கிராண்டட்' என்ற நீதிமன்றச் சொற்றொடரை, விடுமுறை வழங்கப்பட்டது என்பதாக ஓர் இயந்திரம் மொழிபெயர்த்ததை நீதிபதி பி.ஆர். கவாய் எடுத்துக்காட்டியிருக்கிறார். கேட்பதற்கு நகைப்பாக இருக்கும். அந்த இடத்தில் 'உரிமை விடுவிப்பு' என்பதும் 'கிரயம்' என்பதும் மாறிப் போயிருந்தால், நகைக்க ஒன்றுமிருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. அது இல்லாததை இருப்பதாகச் சொல்வது. உரையாடல் செயலிகள் நூலகத்தில் தேடி எடுத்துக் கொடுப்பவை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவற்றின் அடிப்படை இயக்கம் வேறு: ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணித்துக் கணித்து வாக்கியம் கோப்பவை அவை. ஆகவே தீர்ப்பின் பெயர் போலவே ஒரு பெயர், ஆண்டு போலவே ஓர் ஆண்டு, பக்க எண் போலவே ஓர் எண் என அனைத்தும் அச்சு அசலாக வரும். தீர்ப்பு மட்டும் உலகில் இராது.

நியூயார்க்கில் அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான இழப்பீட்டு வழக்கில், இல்லாத ஆறு தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கும் அவர்களின் நிறுவனத்துக்கும் 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 ஜூனில் லண்டன் உயர் நீதிமன்றம் ஆராய்ந்த ஒரு வழக்கில், காட்டப்பட்ட 45 மேற்கோள்களுள் 18 தீர்ப்புகள் இல்லாதவை. அங்கே தேடித் தந்தவர் கட்சிக்காரர். சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டவர் அவருடைய வழக்கறிஞர். நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் எடுத்த விடையை வக்கீலிடம் நீட்டும் இந்நாளில், அந்த வழக்கு நமக்கு வேற்றூர்ச் செய்தியாகத் தோன்றக் கூடாது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு 2024 டிசம்பரில் பிறப்பித்த ஓர் உத்தரவில், உச்ச நீதிமன்றத்தின் பெயராலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயராலும் காட்டப்பட்டிருந்த தீர்ப்புகளுள் சிலவற்றைத் தேடியபோது அவை கிடைக்கவில்லை. இது செயற்கை நுண்ணறிவின் வேலையாக இருக்கக்கூடும் என்று பரவலாகப் பேசப்பட்டது. அந்த உத்தரவு விரைவில் திரும்பப் பெறப்பட்டது. 2025 அக்டோபரில், இல்லாத தீர்ப்புகளைச் சார்ந்து வருமான வரித் துறை பிறப்பித்த மதிப்பீட்டு உத்தரவொன்றை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

நீதிபதிகளும் இதில் எல்லை வகுத்து வருகின்றனர். 2023 மார்ச்சில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில் சாட்ஜிபிடியிடம் பொதுவான சட்டக் கருத்தொன்றைக் கேட்டது. வழக்கின் தன்மை குறித்த கருத்தாக அதைக் கொள்ளக் கூடாது என்றும் கூறியது. அதே ஆண்டு ஆகஸ்டில், இத்தகைய விடைகள் நீதிமன்ற முடிவுக்கு அடிப்படையாக இருக்க முடியாது என்று டில்லி உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கென விதிமுறையே வெளியிட்டது: முடிவுக்கு வருவதற்கோ, உத்தரவும் தீர்ப்பும் வழங்குவதற்கோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாகாது, மனிதக் கண்காணிப்பு எந்நிலையிலும் வேண்டும்.

நீதிமன்றத்திலாவது எதிர்த்தரப்பு இருக்கிறது. சரிபார்க்க ஒருவர் இருக்கிறார். வீட்டுக் கூடத்தில் யார் இருக்கிறார்கள்? நம் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

ஒரு குடும்பத் தலைவர் வஃபாத்தானார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள், அவருடைய வயது முதிர்ந்த தாயார். பெருங்களத்தூரில் ஒரு வீடு. உத்திரமேரூர்ப் பக்கம் கொஞ்சம் நஞ்சை. இத்தா முடியும் முன்பே பங்கு பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. மகன் கைப்பேசியில் தமிழில் கேட்டார். ஐந்து பேருக்கும் சமமாக ஐந்தில் ஒரு பங்கு என்று விடை வந்தது. அது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கணக்கு. "நாங்கள் முஸ்லிம்கள்" என்று திருத்திக் கேட்டதும், மன்னிப்புக் கோரிவிட்டு மனைவிக்கு எட்டில் ஒன்று என்று சரியாகத் தொடங்கி, தாயாரை அறவே விட்டுவிட்டு, மீதி முழுவதையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டது. நஞ்சை நிலத்துக்கு ஷரீஅத் சட்டம் பொருந்தாது என்றும் சொன்னது. சான்றாகச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் பெயரையும் ஆண்டையும் அழகாகக் கொடுத்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அக்குடும்பத்தாருடன் நாமும் ஒரு மூத்த வழக்கறிஞரைப் பார்க்கப் போனோம். அவர் தாளை வாசிக்கும் முன்பே கேட்டார்: "தம்பி, உங்கள் அப்பா இறந்த அன்றைக்குப் பாட்டியம்மா உயிரோடு இருந்தார்களா?"

"இருந்தாங்க சார். இப்பவும் இருக்காங்க."

"அப்படியானால் இந்தக் கணக்கில் அவர்கள் எங்கே?"

பிறகு அவர் ஒவ்வொன்றாக வினவினார். அப்பாவுக்குக் கடன் ஏதும் உண்டா? அம்மாவுக்கு மஹர் கொடுத்து முடிந்ததா? ஒஸிய்யத்து ஏதும் எழுதினாரா? வீட்டுக் கிரயம் யார் பெயரில் இருக்கிறது? மஹர் கொடுபடாமல் இருந்தால் அது கடன். அடக்கச் செலவும் கடனும், மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்ட ஒஸிய்யத்தும் போக எஞ்சியதே பங்குக்கு வரும். அந்த எஞ்சியதை 96 கூறுகளாக்கினால் மனைவிக்கு 12, தாயாருக்கு 16, மகனுக்கு 34, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 17. நிலம் குறித்த விடையும் தவறு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் நடைமுறைச் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மை. ஆனால் 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. தாளில் இருந்த தீர்ப்பை அவர் கணினியில் தேடினார். அப்படியொரு தீர்ப்பு இல்லை.

அந்த மூதாட்டிக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. கைப்பேசி சொன்னபடி பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவாகியிருந்தால், அவர்கள் பெருவிரல் ரேகை வைத்திருப்பார்கள். அல்லாஹ் அவர்களுக்கென வரையறுத்த ஆறில் ஒரு பங்கு, கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லாமலே போயிருக்கும். அநீதி இழைக்க இப்போது அநீதியாளர் தேவையில்லை. சரிபார்க்காத நல்லவர்களே போதும் என்ற எண்ணம் அன்று முதல் நம்மை விட்டு அகலவில்லை.

இந்தியாவில் முஸ்லிம் தனியார் சட்டத்தின் பெரும்பகுதி பிரிவு பிரிவாகத் தொகுக்கப்பட்ட சட்டமன்று. ஒரு சிறிய சட்டம், பல தலைமுறைத் தீர்ப்புகள், ஃபிக்ஹு நூல்கள் ஆகியவை சேர்ந்த பரப்பு அது. தமிழகத்திலோ கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ, உள்நாட்டில் ஹனஃபி என்ற வேறுபாடும் உண்டு. இத்தகைய பரப்பில் இயந்திரம் தடுமாறுவதற்கு வாய்ப்பு மிகுதி. தடுமாறுவதைக் காட்டிக்கொள்ளாத நடையும் அதற்கு இயல்பு.

செய்தி வந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிடலாகாது என்ற ஒழுங்கை ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியின் அழகை மட்டும் பார்க்கவில்லை. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தவரா, நினைவாற்றல் எத்தகையது என்று அறிவிப்பாளர் தொடரின் ஒவ்வொரு கண்ணியையும் சோதித்தார்கள். தொடர் அறுந்திருந்தால், செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் ஒதுக்கி வைத்தார்கள். இந்தச் சமுதாயம் செயற்கை நுண்ணறிவைக் கண்டு மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். நகலைக் காட்டினால் அசலைக் கேட்கும் வழக்கம் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற சொத்து. அதற்கும் நாம்தான் வாரிசுகள்.

சாட்சியத்திலும் இதே கேள்வி எழுந்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க உரிய சான்றிதழைக் கோருகிறது. மின்னணு வடிவில் சொல்லப்படும் உடனடி முத்தலாக்கையும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டுகள் வரை. குரலைப் போலி செய்ய இயலும் காலத்தில், சொல்லாதவர் சிறைக்குப் போகவும் கூடும். சொன்னவர் "அது என் குரலன்று" என்று தப்பவும் கூடும். மூலக் கைப்பேசியை அழிக்காமல், மாற்றாமல் பாதுகாப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

அமானிதம் பற்றியும் ஒரு சொல். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் தொழில்முறையில் சொல்வதை அவர் வெளியிடாதிருக்க அதே சட்டத்தின் 132-ஆம் பிரிவு காவல் நிற்கிறது. உரையாடல் செயலியிடம் கொட்டியவற்றுக்கு அந்தக் காவல் இல்லை. குடும்பப் பூசலை, மகளின் திருமணச் சிக்கலை, ஆதார் நகலுடன் அதில் ஏற்றுமுன் ஒருமுறை யோசிக்க வேண்டும். பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டுப் பொதுவாகக் கேட்பதே முறை.

"பிள்ளையைச் சட்டம் படிக்க வைக்கலாமா, எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடுமாமே?" என்று பெற்றோர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். நம் பகுதியிலேயே வண்டலூர் கிரசென்ட்டிலும், புதுப்பாக்கம் அரசுச் சட்டக் கல்லூரியிலும், பெருங்குடிச் சட்டப் பல்கலைக்கழகத்திலும் நம் பிள்ளைகள் பயில்கின்றனர். இளம் வழக்கறிஞர்களின் கவலை உண்மையானது. முந்நூறு பக்கக் கட்டினைப் படித்துப் படித்துத்தான் அந்த மூத்தவர், "பாட்டியம்மா உயிரோடு இருந்தார்களா?" என்று முதலில் கேட்கக் கற்றுக்கொண்டார். அந்தப் படிப்பை இயந்திரத்திடம் விட்டுவிடும் இளையவர், அந்தக் கேள்வியை எங்கே கற்பார்? ஆகவே, சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு நம் வேண்டுகோள்: முதலில் நீங்கள் படித்து எழுதுங்கள், பிறகு இயந்திரத்தின் வரைவோடு ஒப்பிடுங்கள். அரபும் உருதும் தமிழும் அறிந்து, பழைய வக்ஃபுப் பத்திரத்தையும் ஃபராயிள் கணக்கையும் வாசிக்கத் தெரிந்த வழக்கறிஞருக்கு வேலை குறையும் என்று நாம் கருதவில்லை.

குடும்பங்கள் செய்யக்கூடியவையும் கடினமானவையல்ல. தீர்ப்பொன்றின் பெயரை யார் சொன்னாலும் அசலைத் தேடுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 ஜனவரி முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் வழக்கின் நிலையை அறிய, 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் கொண்டு இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். பங்கு பற்றிய விடையை ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் காட்டாமல் பத்திரம் எழுத வேண்டாம். வழக்கறிஞரிடம், "இதை நீங்கள் வாசித்துப் பார்த்தீர்களா?" என்று பணிவுடன் கேட்பதில் குறைவொன்றுமில்லை; நல்ல வழக்கறிஞர் அதை வரவேற்பார். வக்காலத்தில் கையொப்பமிடுபவர் அவர்; நீதிமன்றத்தில் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டியவரும் அவரே.

அக்குடும்பத்தின் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. மஹர் பாக்கியைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மூதாட்டி, தம் பங்கில் ஒரு பகுதியைப் பேத்திகளுக்கு ஹிபாவாகக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்கிறார்கள். கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் அவர்கள் விருப்பம்; கொடுப்பதற்கு முதலில் அது அவர்களுடையதாக இருக்க வேண்டும். உரிமை உடையவரிடம் உரிமையைச் சேர்க்கும் தெளிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.